கார் இடித்த பிறகு சம்மன் எப்போது வரும்? சிங்கப்பூர் ஓட்டுநர்களின் கேள்விகளும் பதில்களும்

விபத்து என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது "சம்மன் எத்தனை நாளில் வரும்?" என்பதுதான். அதைவிட அவசரமான கெடுக்கள் நம் பக்கம் ஓடிக்கொண்டிருப்பது பலருக்குத் தெரிவதில்லை. காப்பிக்கடையிலும் ஒர்க்‌ஷாப்பிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாம் சிங்கப்பூர்ச் சட்டத்தை வைத்துச் சொன்னவை; ஜோகூர் பற்றிக் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது.

1. இடிச்சு மூணு வாரம் ஆச்சு. இன்னும் ஒரு கடிதமும் வரல. தப்பிச்சேன்னு நினைச்சுக்கலாமா?

நினைக்க வேண்டாம். கடன், நஷ்டஈடு போன்ற சிவில் வழக்குகளுக்குத்தான் இங்கே காலவரையறைச் சட்டம் இருக்கிறது. குற்ற வழக்குகளுக்கு அப்படிப் பொதுவான காலாவதி கிடையாது. ஆகவே "இத்தனை நாள் தாண்டியாச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று காலண்டரில் கோடு போட்டு நிம்மதி அடைய இடமில்லை. இணையத்தில் படித்த வெளிநாட்டு நாள் கணக்கைச் சிலர் இங்கேயும் பொருத்திப் பார்க்கிறார்கள். அந்தந்த நாட்டு விதி அந்தந்த நாட்டுக்கு.

கேமராவில் சிக்கிய சிவப்பு விளக்குக் குற்றமும் விபத்தும் ஒன்றல்ல. கேமராப் படத்தில் வண்டி எண் தெரிந்தால் போதும், நோட்டீஸ் கிளம்பிவிடும். விபத்தில் யார் தப்பு என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் தாமதம். கடிதம் வராதது வழக்கு முடிந்ததற்கு அடையாளம் அல்ல.

2. எல்லாரும் 24 மணி நேரம், 24 மணி நேரம்னு சொல்றாங்க. அது போலிஸுக்கா, இன்சூரன்ஸுக்கா?

இரண்டுக்கும் இருக்கிறது. ஆனால் இரண்டும் தனித்தனி. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக முடிந்துவிடாது.

போலிஸ் பக்கம்: சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 84ஆம் பிரிவுப்படி, விபத்து நடந்தால் வண்டியை நிறுத்த வேண்டும், கேட்க உரிமையுள்ளவரிடம் பெயர், முகவரி, வண்டி விவரம் கொடுக்க வேண்டும், அடிபட்டவருக்கு உதவ வேண்டும். விவரம் பரிமாற முடியாமல் போனால் கூடிய விரைவில், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், போலிஸில் சொல்ல வேண்டும். ஒருவர் இறந்திருந்தாலோ பலத்த காயம் பட்டிருந்தாலோ போலிஸ் அனுமதி இல்லாமல் வண்டியை நகர்த்தவும் கூடாது.

காப்புறுதிப் பக்கம்: பொதுக் காப்புறுதிச் சங்கத்தின் ஏற்பாட்டின்படி, எவ்வளவு சிறிய விபத்தானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். நிறுவனம் சொல்லும் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், படம் எடுக்கவிட்டு, அறிக்கை எழுதிக் கொடுப்பதுதான் முறை. தவறினால் என்சிடியில் (இழப்பீடு கோராத ஓட்டுநருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி) கை வைப்பார்கள், சில வேளை இழப்பீட்டையே மறுப்பார்கள். சனிக்கிழமை இரவு இடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை ஓய்வாகப் போய் நிற்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

3. சின்ன உரசல்தான். ரெண்டு பேரும் பேசி, 300 வெள்ளி கொடுத்து முடிச்சாச்சு. அப்பவும் ரிப்போர்ட் பண்ணணுமா?

காப்புறுதிக்குச் சொல்லத்தான் வேண்டும். தனிப்பட்ட முறையில் முடித்துக்கொள்வதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. அதில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, தொகையையும், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கொடுத்து, இரண்டு மாதம் கழித்துக் கழுத்துவலி என்று எதிராளியின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தால், நீங்கள் தெரிவிக்காத விபத்துக்கு உங்கள் காப்புறுதி நிறுவனம் துணை நிற்கத் தயங்கும்.

பணத்தைக் கையில் கொடுக்காமல் பேநவ் வழியாக அனுப்பி, குறிப்பில் வண்டி எண்ணையும் தேதியையும் போடுங்கள். பின்னாளில் அதுவே சாட்சி.

4. எந்த மாதிரி விபத்துக்குக் கட்டாயம் போலிஸைக் கூப்பிடணும்?

யாருக்காவது காயம்பட்டு ஆம்புலன்ஸ் தேவைப்பட்டால்; பாதசாரியோ சைக்கிளோட்டியோ சம்பந்தப்பட்டிருந்தால்; அரசாங்க வண்டியோ சொத்தோ சேதமானால் (விளக்குக் கம்பம், தடுப்புக் கம்பி எல்லாம் இதில் சேரும்); வெளிநாட்டுப் பதிவு வண்டி என்றால்; இடித்தவர் நிற்காமல் போயிருந்தால். இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலும் போலிஸில் புகார் வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995, போலிஸுக்கு 999. அவசரமில்லாததை அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் பதியலாம்.

விரைவுச்சாலையில் வண்டி நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட கார்நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். நீங்கள் கூப்பிடாமலேயே வந்து நிற்கும் தனியார் இழுவை வண்டிக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் என்பதை அந்தத் தாள் தீர்மானித்துவிடும். உங்கள் காப்புறுதி அந்த இடத்தை ஏற்காமல் போகலாம்.

5. புளோக் கார்பார்க்ல ரிவர்ஸ் எடுக்கும்போது நின்னுகிட்டிருந்த காரை இடிச்சிட்டேன். ஓனர் இல்ல. பேப்பர்ல நம்பர் எழுதி வைச்சா போதுமா?

நல்ல ஆரம்பம், ஆனால் போதாது. வைப்பரில் செருகிய தாள் மழையில் ஊறிப்போகும், காற்றில் பறந்துபோகும், சில சமயம் சின்னப்பிள்ளைகள் எடுத்துப்போவார்கள். தாளில் பெயர், தொலைபேசி எண், உங்கள் வண்டி எண், நேரம் நான்கையும் எழுதுங்கள். அதை வைத்த நிலையிலேயே இரு வண்டி எண்களும் தெரியும்படி படம் எடுங்கள். உரிமையாளர் கூப்பிடவில்லை என்றால் விவரம் பரிமாறியதாக ஆகாது. அப்போது இரண்டாம் பதிலில் சொன்ன 24 மணி நேரப் போலிஸ் கெடு உங்களுக்குப் பொருந்தும். காப்புறுதி அறிக்கையும் வழக்கம்போல உண்டு. கார்பார்க் என்பதால் விலக்கு இல்லை.

6. நான் இடிச்சதே எனக்குத் தெரியாது. மறுநாள் பம்பர்ல கீறலைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. இப்ப போனா ஹிட் அண்ட் ரன்னுன்னு பிடிச்சுக்குவாங்களா?

தெரிந்த நேரத்திலேயே போங்கள். நிற்காமல் போனதற்கான குற்றத்தில், ஓட்டுநருக்குத் தெரிந்திருந்ததா என்பது முக்கியமான கேள்வி. கீறலைப் பார்த்த அன்றே புகார் கொடுத்தவருக்கும், போலிஸ் கதவைத் தட்டும்வரை பேசாமல் இருந்து "தெரியாது" என்றவருக்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் புரியும். அதற்கு முன்பு கீறலைப் பாலிஷ் போட்டு மறைக்காதீர்கள். எப்போது, எங்கே பார்த்தீர்கள் என்று படத்தோடு சொல்லுங்கள். பலத்த காயமோ மரணமோ ஏற்பட்ட விபத்தில் நிற்காமல் போனால், முதல் முறைக்கே 3,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 12 மாதம் வரை சிறை. அதோடு லைசென்ஸும் குறைந்தது 12 மாதத்துக்குப் போகும்.

7. கார் கேமரா இருக்கு, எல்லாம் பதிவாகியிருக்கும். போலிஸ் கேட்கும்போது எடுத்துக்கலாம்ல?

கேட்கும்போது இருக்காது. கேமரா அட்டை நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதும். 32 ஜிபி அட்டையில், முழு எச்டி தரத்தில், முன்பக்கம் மட்டும் என்றால் ஏறத்தாழ 4 முதல் 5 மணி நேரம்தான் தங்கும். பின்பக்கக் கேமராவும் சேர்ந்தால் அதில் பாதி. விபத்து முடிந்து வீட்டுக்கு ஓட்டி, மறுநாள் வேலைக்கு ஓட்டி, சாயங்காலம் பிள்ளையை டியூஷனில் விட்டு வந்தால் தீர்ந்தது.

பூட்டுப் பொத்தானை அழுத்தியிருந்தாலும் நம்ப வேண்டாம். பூட்டிய கோப்புகளுக்கு ஒதுக்கிய இடம் நிறைந்தால் சில கேமராக்கள் அதையும் அழிக்கும். வண்டியை ஓரங்கட்டியதும் கேமராவை அணைத்து அட்டையைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் விபத்துக்கு முன்னும் பின்னும் சில நிமிடம் சேர்த்து முழுக் கோப்பாக நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் சுருங்கிவிடும். வண்டி எண் மங்கிப்போகும். மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள். கேமராக் கடிகாரம் தவறாக இருந்தால் அதைத் திருத்தாமல், எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதி வையுங்கள்.

8. டிராஃபிக் போலிஸ் விசாரணை அதிகாரி ஊபிக்கு வரச் சொல்லியிருக்கார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது.

தமிழிலேயே சொல்லலாம்; மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அழைப்பு வந்ததுமே கேளுங்கள். ஊபி அவென்யூ 3இல் இருப்பது போக்குவரத்துக் காவல்துறையின் தலைமையகம். அங்கே எழுதப்படும் வாக்குமூலத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். தவறு இருந்தால் திருத்தச் சொல்லி, திருத்திய பிறகே கையெழுத்துப் போடுங்கள். "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு நீதிமன்றத்தில் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்பது எடுபடுவது கடினம்.

அடையாள அட்டை அல்லது வேலை அனுமதி அட்டை, லைசென்ஸ், காப்புறுதி அறிக்கையின் நகல், கேமரா அட்டை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். வேகம் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். "50 இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொன்னது, கேமராவில் 68 என்று தெரிந்தால், உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

9. வாக்குமூலம் கொடுத்து நாலு மாசம் ஆச்சு. ஏன் இவ்வளவு இழுக்குது?

பெரும்பாலும் மருத்துவ அறிக்கைக்காகத்தான். கவனக்குறைவாக ஓட்டியதற்கான, சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 65ஆம் பிரிவில், தண்டனை எதிராளியின் காயத்தைப் பொறுத்து மாறுகிறது. காயமே இல்லை என்றால் 1,500 வெள்ளி வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. காயம் என்றால் அபராதம் 2,500 வரை போகும். எலும்பு முறிவு போன்ற கடுங்காயம் என்றால் 5,000 வெள்ளி வரை அல்லது 2 ஆண்டு வரை. மரணம் என்றால் 10,000 வெள்ளி வரை அல்லது 3 ஆண்டு வரை. அபராதம், சிறை இரண்டும் சேர்ந்தும் வரலாம். எனவே அடிபட்டவருக்கு என்ன காயம் என்று மருத்துவமனை எழுதித் தரும்வரை எந்தப் படியில் குற்றம் சாட்டுவது என்று முடிவு செய்ய முடியாது.

முடிவு நான்கு விதமாக வரலாம்: நடவடிக்கை இல்லை, எச்சரிக்கை, சமரச அபராதம் (நீதிமன்றம் போகாமல் கட்டி முடிப்பது), நீதிமன்றக் குற்றச்சாட்டு. உயிரிழப்போ பலத்த காயமோ இருந்தால், வழக்கு முடியும் முன்பே லைசென்ஸை உடனடியாக நிறுத்திவைக்கவும் போலிஸுக்கு அதிகாரம் உண்டு.

10. நோட்டீஸ் என் பேர்ல வந்திருக்கு, ஆனா ஓட்டினது என் தம்பி. என்ன செய்யறது?

ஓட்டியவர் யார் என்று சொல்லும் பொறுப்பு வண்டி உரிமையாளருடையது (81ஆம் பிரிவு). கடிதத்தில் அச்சிட்டிருக்கும் கெடுவுக்குள் தம்பியின் விவரத்தை சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழியாகக் கொடுத்துவிடுங்கள். பதில் சொல்லாமல் விட்டால் நீங்களே ஓட்டியதாக எடுத்துக்கொள்ளப்படும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. தம்பிக்கு டிமெரிட் புள்ளி (லைசென்ஸில் சேரும் தண்டனைப் புள்ளி) ஏறக்கூடாது என்று அக்காவோ அப்பாவோ "நான்தான் ஓட்டினேன்" என்று பழியை ஏற்பது. அது குடும்பப் பாசம் இல்லை, நீதிக்கு இடையூறு விளைவித்த குற்றம். தண்டனைச் சட்டத்தின் 204ஏ பிரிவில் 7 ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு. சில நூறு வெள்ளி அபராதத்துக்காக இதில் இறங்கிச் சிறை சென்றவர்கள் இருக்கிறார்கள்.

11. கம்பெனி லாரி. கடிதம் முதலாளிக்குத்தான் போகும். எனக்கு எப்படித் தெரியும்?

முதலில் நிறுவனத்துக்குப் போகும், அவர்கள் உங்கள் பெயரைக் கொடுப்பார்கள், பிறகு உங்கள் பெயரில் புது நோட்டீஸ் வரும். இந்தச் சுற்றில் வாரக்கணக்கில் ஓடிவிடும். வாடகைக் காருக்கும் இதே கதை. சிங்பாஸில் நுழைந்து போலிஸ் இணையச் சேவையில் உங்கள் பெயரில் ஏதாவது நிலுவை இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

லாரியை எந்த நாள், எந்த நேரம் எடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே லாரியை மூன்று பேர் மாறி மாறி ஓட்டும் இடத்தில், ஞாபகத்தை நம்பித் தவறான பெயரைக் கொடுத்துவிடும் ஆபத்து நிஜமானது. அபராதத்தை முதலாளி கட்டினாலும் புள்ளி உங்கள் லைசென்ஸில்தான் ஏறும்.

12. நோட்டீஸ் வந்துருச்சு. எத்தனை நாளைக்குள்ள கட்டணும்? கட்டலன்னா?

நோட்டீஸில் போட்டிருக்கும் தேதியிலிருந்து 28 நாள். கடிதம் உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. ஏஎக்ஸ்எஸ் கட்டண இயந்திரத்திலோ போலிஸ் இணையத்தளத்திலோ கட்டலாம். கெடு தாண்டினால் அரசு நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி அழைப்பாணை வரும். நம் ஊர்ப் பேச்சில் நோட்டீஸையும் "சம்மன்" என்கிறோம். உண்மையான சம்மன் இதுதான். அன்று போகாமல் இருந்தால் பிடியாணை பிறப்பிக்கலாம். நோட்டீஸை மறந்து ஊருக்குப் போய்விட்டு, திரும்பும்போது சாங்கி விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

13. அப்பீல் போட்டா 28 நாள் நின்னுடுமா?

நின்றுவிடும் என்று நீங்களாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கெடுவுக்குள் முறையீட்டை அனுப்பி, பதிலில் புதுத் தேதி கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். முதலில் கட்டிவிட்டுப் பிறகு முறையிடுவது வீண்; கட்டினால் விவகாரம் முடிந்ததாகிவிடும்.

"மன்னித்துவிடுங்கள், நான் குடும்பஸ்தன்" என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட ஒரு ஆதாரம் மேல்: ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டேன் என்றால் அந்த வினாடியின் காணொளி, வண்டி பழுது என்றால் அன்றைய ஒர்க்‌ஷாப் ரசீது.

14. போன வருஷம் வீடு மாறினேன். கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருச்சாம். அது செல்லுமா?

"எனக்குக் கிடைக்கவில்லை" என்ற வாதம் இங்கே பலவீனமானது. வீடு மாறினால் 28 நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் முகவரியை மாற்ற வேண்டும். மாற்றாதது உங்கள் தவறாகவே பார்க்கப்படும். பழைய வீட்டுக்காரர் கடிதத்தைக் கொடுத்த அன்றே நிலுவையைப் பாருங்கள். 28 நாள் தாண்டி, நீதிமன்றத் தேதி இன்னும் வரவில்லை என்றால், உடனே போக்குவரத்துக் காவல்துறைக்கு எழுதுங்கள்.

15. "அபராதம் பாக்கி, இந்த லிங்க்ல கட்டுங்க"ன்னு மெசேஜ் வந்தது. நிஜமா விபத்து நடந்திருக்கே, கட்டிடலாமா?

லிங்க்கைத் தொடாதீர்கள். விபத்து நடந்த பதற்றத்தில் இருப்பவர்தான் இதில் எளிதாக விழுவார். 2024 ஜூலையிலிருந்து அரசாங்கக் குறுஞ்செய்திகள் "கவ்.எஸ்ஜி" என்ற ஒரே பெயரில்தான் பொதுவாக வருகின்றன. அந்தப் பெயரில் வந்தாலும், பதினோராம் பதிலில் சொன்னபடி நீங்களே சிங்பாஸ் வழியாக நுழைந்து பாருங்கள். அங்கே இல்லாத அபராதம் உங்களுக்கு இல்லை.

16. டிமெரிட் புள்ளி கடிதம் வந்த தேதியிலிருந்தா, இடிச்ச தேதியிலிருந்தா?

குற்றம் நடந்த தேதியிலிருந்து. 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் நிறுத்தம். முதல் முறை 12 வாரம். தொடர்ந்து 12 மாதம் புள்ளிக் குற்றம் எதுவும் இல்லை என்றால் பழைய புள்ளிகள் அழியும். லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகாதவருக்கு 13 புள்ளியிலேயே லைசென்ஸ் பறிபோகும்.

ஒரு கணக்கு. 2025 மார்ச் 5 அன்று சிவப்பு விளக்கைத் தாண்டினீர்கள்: 12 புள்ளி, சாதாரணக் காருக்கு 400 வெள்ளி. 2026 ஜனவரி 20 அன்று விபத்து. விசாரணை முடிந்து ஜூனில்தான் நோட்டீஸ் வருகிறது. "மார்ச்சோடு ஒரு வருடம் முடிந்துவிட்டதே, பழைய 12 அழிந்திருக்குமே" என்று தோன்றும். அழியாது. விபத்துக்குப் புள்ளி விதித்தால் அது ஜனவரி 20க்குப் போய் உட்காரும். பன்னிரண்டு மாதச் சங்கிலி அங்கேயே அறுந்துவிட்டது. தாமதமாக வரும் கடிதம் ஓட்டுநருக்குச் சாதகம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

17. ஃபைன் கட்டினா தப்பு என்மேலதான்னு ஒத்துக்கிட்ட மாதிரியா? இன்சூரன்ஸ் கேஸ் கெட்டுப்போகுமா?

சமரச அபராதம் கட்டுவது நீதிமன்றத் தண்டனை அல்ல. அந்தக் குற்றத்துக்கான நடவடிக்கை அதோடு முடியும். யார் எத்தனை சதவீதம் தப்பு என்பதைக் காப்புறுதி நிறுவனங்கள் தனியாகப் பேசித் தீர்க்கும். ஆனால் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டிக்கப்பட்டால், அந்தத் தீர்ப்பை எதிராளி நஷ்டஈட்டு வழக்கில் ஆதாரமாகக் காட்டலாம். காயம்பட்ட விபத்து என்றால், ஒப்புக்கொள்ளும் முன்பு காப்புறுதி நிறுவனத்திடமும் ஒரு வக்கீலிடமும் பேசிவிடுங்கள்.

18. ரெண்டரை வருஷம் கழிச்சு எதிராளியோட வக்கீல் கடிதம் அனுப்பியிருக்கார். இப்பப்போய் கேட்க முடியுமா?

முடியும். உடல் காயத்துக்கு வழக்குப் போட விபத்து தேதியிலிருந்து 3 ஆண்டு, வண்டிச் சேதத்துக்கு 6 ஆண்டு அவகாசம் உண்டு. கடிதத்தை மடித்து வைக்காமல், பதில் எழுதாமல், அப்படியே காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இரண்டாம் பதிலில் சொன்ன அறிக்கையை அன்றே கொடுத்திருந்தால் அவர்கள் கோப்பில் எல்லாம் இருக்கும்.

காயமில்லாத, 3,000 வெள்ளிக்குக் குறைவான கோரிக்கை என்றால், நீதிமன்றத்துக்குப் போகும் முன் ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைத் தகராறு தீர்வு நிலையத்துக்கு முதலில் போக வேண்டும்.

19. ஜோகூர்ல இடிச்சுட்டு வந்துட்டேன். இங்க வந்து ரிப்போர்ட் பண்ணா போதாதா?

போதாது. மலேசியச் சட்டமும் 24 மணி நேரத்துக்குள் அங்குள்ள போலிஸ் நிலையத்தில் புகார் கேட்கிறது. கடற்பாலத்தைத் தாண்டும் முன்பே முடித்துவிடுங்கள். மறுபடி வரிசையில் நின்று திரும்பிப் போவது எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும். புகாரின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அதே நாளில் சிங்கப்பூர்க் காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். அந்த மலாய் மொழிப் புகார் நகலைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.